தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வைத்தியம் அல்ல

பழைய காரில் என்ஜின் சூடேறுகிறது என்று ஒர்க்ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தினால், பானெட்டைத் திறந்த சில நிமிடங்களில் தீர்ப்பு வந்துவிடுகிறது. "வால்வைக் கழட்டிப் போட்டுடலாம் சார். அது குளிர் நாட்டுக்காரன் வெச்சது. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" அவர்கள் வால்வு என்று சொல்வது தெர்மோஸ்டாட்டை. அதைக் கழற்றிய கையோடு, ரேடியேட்டர் ஃபேனின் வயரைப் பிரித்து, சாவி போட்டதும் ஃபேன் ஓடும்படி 'டைரக்ட்' கொடுத்துவிடுவார்கள். டெம்பரேச்சர் ஊசி இறங்கிவிடும். வண்டிக்காரரும் நிம்மதியாகக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இது மெக்கானிக்குகளின் கருத்து மட்டும் இல்லை. டாக்ஸி ஓட்டுகிறவர்கள், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள், முப்பது வருடமாக ஒரே வண்டியைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருப்பவர்கள் என்று எல்லாரும் நம்புகிற கருத்து. அதற்கு அவர்கள் சொல்லும் நியாயங்கள் மூன்று. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்பது ஒன்று. அது தண்ணீரின் வழியை மறிக்கிறது, எடுத்தால் என்ஜின் கூடுதலாகக் குளிரும் என்பது இரண்டு. எடுத்த பிறகு ஊசி இறங்கியது, வண்டி வருடக்கணக்கில் ஓடுகிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பது மூன்று. மூன்றும் தவறு. இந்த மூன்றையும் நம்பியதால் பிழைத்திருக்க வேண்டிய எத்தனையோ என்ஜின்கள் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், கடைசியில் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன. அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. அந்த வண்டிகளில் கடைசியாக வந்ததற்கே இன்று பத்து வயது தாண்டிவிட்டது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு நம்பிக்கையை இனியும் சும்மா விடக்கூடாது.

முதல் நியாயத்தை எடுத்துக்கொள்வோம். தெர்மோஸ்டாட்டுக்கு வெளியே அடிக்கிற வெயில் தெரியாது. அதற்குத் தெரிவது தன்னைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற தண்ணீரின் சூடு மட்டுமே. கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு பித்தளைக் குப்பி. அதற்குள் மெழுகு அடைத்திருக்கும். சூடு சீக்கிரம் பரவ அதில் செம்புத்தூள் கலந்திருப்பார்கள். மெழுகு உருகும்போது அதன் பருமன் கூடும். கூடிய பருமன் உள்ளே இருக்கும் ஊசியைத் தள்ளும். ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறி வட்டத் தகடு திறக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். ஆறினால் ஸ்பிரிங் தகட்டை இழுத்து மூடிவிடும். 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த அமைப்புதான் சிறுசிறு மாற்றங்களோடு இன்றைக்கும் ஓடுகிறது. பெரும்பாலானவற்றில் 82 அல்லது 88 என்று ஓர் எண் பொறித்திருக்கும். எந்த டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும் என்பதற்கான கணக்கு அது.

இப்போது 'நம்ம ஊர் வெயில்' என்ற வாதத்தை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே மாதத்து வேலூரில் 42 டிகிரி. மார்கழிக் காலையில் சென்னையில் 22 டிகிரி. ஐரோப்பியக் குளிர்காலத்தில் 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 82-ஐ எட்ட அங்கே 77 டிகிரி ஏற வேண்டும். சென்னையில் 60, வேலூரில் 40 ஏற வேண்டும். நம் ஊரில் அந்த இடைவெளி குறைகிறதே தவிர, இல்லாமல் போகவில்லை. கத்திரி வெயிலில்கூட, இரவெல்லாம் நின்ற என்ஜின் காலையில் அதற்குத் தேவையான சூட்டுக்கு வெகு கீழே இருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏப்ரல் மதியத்தில் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகித் தவிக்கும்போது, நல்ல நிலையில் இருக்கிற தெர்மோஸ்டாட் முழுசாகத் திறந்திருக்கும். அப்போது அது யாரையும் மறிக்கவில்லை. வெயில் காலத்தில் என்ஜின் கொதிப்பதற்கு வேலை செய்கிற தெர்மோஸ்டாட் காரணமாக இருக்கவே முடியாது. வேலை செய்யாத தெர்மோஸ்டாட் காரணமாகலாம். அப்படியானால் செய்ய வேண்டியது மாற்றுவது. எடுத்து எறிவது எப்படிச் சரியாகும்?

'குளிர் நாட்டுக்காரன் வெச்சது' என்ற பேச்சும் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. மாருதி 800 குர்கானில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து முப்பது ஆண்டு ஓடிய வண்டி. வடநாட்டுக் கோடையில் 45 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தொடுகிற ஊர் அது. அந்த வண்டியில் கடைசிவரை தெர்மோஸ்டாட் இருந்தது. ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் சிக்கனமாக வண்டி கட்டுகிற ஒரு தொழிற்சாலை, தேவையில்லாத ஓர் உறுப்பை முப்பது வருடம் போட்டுக்கொண்டே இருக்குமா?

இரண்டாவது நியாயம் கொஞ்சம் வலுவானது. திறந்த நிலையிலும் தெர்மோஸ்டாட்டின் தகடும் சட்டமும் ஓரளவு இடத்தை அடைக்கின்றன. எடுத்தால் தண்ணீர் அதிகம் ஓடும். இதில் உண்மை இருக்கிறது. இதை மறுக்கிறவர்களில் பலர் தவறான பதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது, அதனால்தான் சூடேறும் என்பார்கள். அது சரியில்லை. ஒரே சுற்றில் ஓடுகிற தண்ணீர் வேகமாக ஓடினால் அது கடத்துகிற வெப்பம் குறையாது, கூடத்தான் செய்யும். நல்ல பக்கத்தில் நிற்கிறோம் என்பதற்காகத் தப்பான காரணத்தைச் சொல்லக்கூடாது. அதைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக் நம் மொத்தப் பேச்சையும் தள்ளிவிடுவார்.

சரியான காரணங்கள் வேறு. முதலாவது, பைபாஸ் வழி. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் என்ஜினுக்குள் தண்ணீர் சுற்ற வேண்டும். அதற்கென்று ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழி ஒன்று உண்டு. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவதாக ஒரு சின்னத் தகடு தொங்கும். மேல் வாய் திறக்கத் திறக்க, இந்த அடித் தகடு இறங்கி பைபாஸை மூடும். அப்போதுதான் கொதிக்கிற தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். ஆறாத சுடுதண்ணீரில் ஒரு பங்கு அப்படியே என்ஜினுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். சூட்டைக் குறைக்க என்று செய்த வேலை, மலையேற்றத்தில் சூட்டைக் கூட்டுகிற வேலையாக முடிகிறது.

இரண்டாவது, என்ஜினுக்குள் இருக்கும் அழுத்தம். வாட்டர் பம்ப் தள்ளுகிற தண்ணீருக்குத் தெர்மோஸ்டாட் கொடுக்கும் சிறு தடையால் பிளாக்கிலும் ஹெட்டிலும் அழுத்தம் சற்றுக் கூடியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி ஹெட் மிகவும் காய்கிற இடங்களில் தண்ணீர் உள்ளூரக் கொதித்து ஆவிக் குமிழ் கட்டாமல் இருக்க அந்த அழுத்தம் உதவுகிறது. குமிழ் கட்டிய இடத்தில் உலோகத்தைத் தண்ணீர் தொடாது. அங்கே சூடு குவியும். அலுமினிய ஹெட் இதில் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். வார்ப்பிரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிற உலோகம்.

மூன்றாவது, சூடேறாமல் ஓடுகிற என்ஜினுக்கு வருகிற கேடு. இதைத்தான் நம் ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத கார் நெடுஞ்சாலையில் முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகும்போது 60, 65 டிகிரியைத் தாண்டாமலே ஓடுவதுண்டு. பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் அந்த ஆவி அங்கேயே தண்ணீராகப் படியும்; எரிபொருள் புகையில் உள்ள அமிலத்தையும் இழுத்துக்கொண்டு என்ஜின் ஆயிலில் இறங்கும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். என்ஜின் ஆயில் நன்றாகச் சூடானால் இவை ஆவியாகிப் போய்விடும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கி, கறுப்புக் கூழாக மாறி, எண்ணெய் வழிகளை அடைக்கும். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால் இன்னொன்றும் சேரும். தண்ணீர் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருப்பதால், கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் இறங்கும். வண்டிக்காரர் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகிப்பார்.

மூன்றாவது நியாயம் அனுபவத்தின் பெயரால் வருகிறது. "ஊசி இறங்கிடுச்சுல்ல?" இறங்கியது உண்மை. ஆனால் ஊசி என்ன சொல்கிறது என்பதைக் கேட்க வேண்டும். நல்ல தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் ஊசி தினமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தை வண்டிக்காரர் மனதில் குறித்து வைத்திருப்பார். ஒருநாள் அரைக்கோடு மேலே நின்றால் ஏதோ கோளாறு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ரேடியேட்டர் அடைக்கத் தொடங்கியிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், தண்ணீர் எங்கோ கசியலாம். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் ஊசிக்கு நிலையான இடமே கிடையாது. காலையில் ஓரிடம், மழையில் ஓரிடம், டிராஃபிக்கில் ஓரிடம். ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் ஊசி நடுக்கோட்டைத் தாண்டாது, ஏனென்றால் அது கீழேயிருந்து கிளம்புகிறது. மூன்று வருடம் இப்படி ஓடிவிட்டு, ஒரு சித்திரை மதியம் குடும்பத்தோடு மலையேறும்போது ஒரேயடியாகக் கொதித்துக் கொட்டும். கோளாறு அன்றைக்கு வந்ததில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டிய சாட்சியை மூன்று வருடத்துக்கு முன்பே கழற்றிவிட்டோம்.

ஊசி இறங்குவது எப்போதும் நல்ல செய்தியும் இல்லை. சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மொத்தமும் கொட்டிப் போய் சென்சார் வெற்றிடத்தில் நின்றால் ஊசி சட்டென்று கீழே விழும். அதைப் பார்த்து "ஆறிடுச்சு" என்று ஆக்சிலரேட்டரை மிதித்தவர்களின் என்ஜின்கள்தான் சீஸ் ஆகி நிற்கின்றன.

"பத்து வருஷமா வால்வு இல்லாமதான் ஓடுது" என்கிறவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. குளிர்ந்து ஓடுகிற என்ஜினின் தேய்மானம் ஊசியில் தெரியாது. ஆயில் குடிப்பதில் தெரியும், சைலன்சர் புகையில் தெரியும், முன்கூட்டியே வந்து நிற்கும் போரிங் செலவில் தெரியும். அப்போது யாரும் தெர்மோஸ்டாட்டை நினைப்பதில்லை. வண்டி பழசாகிவிட்டது என்று பழியை வண்டியின் வயது மேல் போட்டுவிடுகிறோம்.

அப்படியானால் பழைய வண்டி சூடேறினால் என்னதான் செய்வது? எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும்: எப்போது சூடேறுகிறது? இந்த ஒரு கேள்வியே பாதிக் கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்னலிலும் டிராஃபிக்கிலும் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், சந்தேகம் ஃபேன் பக்கம். வண்டி ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். மாருதி போன்ற வண்டிகளில் ஃபேன் ஸ்விட்ச், ரிலே, ஃப்யூஸ், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அம்பாசடர் பெட்ரோல் வண்டியில் ஃபேன் வாட்டர் பம்ப்போடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுகிறது. பெல்ட் தொய்ந்தால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். குவாலிஸ், பொலேரோ போன்றவற்றில் ஃபேனின் நடுவில் சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த கப்ளிங் இருக்கும். அந்த எண்ணெய் கசிந்துவிட்டால் ஃபேன் சுற்றுவதுபோல் தெரியும், இழுவை இருக்காது. ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்ததும் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். கூடு இல்லாவிட்டால் ஃபேன், ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய காற்றைப் பக்கவாட்டிலிருந்து இழுக்கும்.

ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலோ மலையேற்றத்திலோ ஏறினால், சந்தேகம் ரேடியேட்டர் பக்கம். வருடக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு, குழாய்களின் உட்சுவரில் படிந்திருக்கும். வெளியே பூச்சியும் மண்ணும் இறகுகளின் நடுவே அப்பியிருக்கும், ஏ.சி. வண்டியில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாமல் ஒரு பஞ்சு மெத்தையே சேர்ந்திருக்கும். வெப்பநிலை காட்டும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று இருந்தால் ஓடிச் சூடான ரேடியேட்டரைக் குறுக்கும் நெடுக்குமாகக் குறிபார்த்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி இதற்கு உதவாது. அது உடல் சூட்டளவோடு நின்றுவிடும். பழைய செம்பு ரேடியேட்டரானால் டேங்க்கைப் பற்றவைப்பு விட்டு எடுத்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டர் அடைத்தால் மாற்றுவதே வழி. ரேடியேட்டர் நன்றாக இருந்தால் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது. ரப்பர் நொந்துபோனால் வேகத்தில் சப்பி ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தியதும் பழையபடி உப்பிவிடும். நிறுத்திவிட்டுப் பார்க்கிறவருக்கு அது ஒருநாளும் அகப்படாது. ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் ஹோஸைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் அடிக்கடி குறைந்தால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடி. இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான பொருள் அது. மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். மூடி வெறும் மூடி கிடையாது. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற மூடியின் கீழ் ஏறத்தாழ 118 டிகிரிவரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் இறுகிப்போனால் இந்தப் பதினெட்டு டிகிரி காணாமல் போகும். மலையில் இன்னும் மோசம். ஊட்டியின் உயரத்தில் திறந்த தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். சமவெளியில் தட்டுத்தடுமாறி ஓடிய வண்டி, வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் எழுபதிலோ கொட்டுவதற்குப் பல நேரம் காரணம் இந்த மூடிதான். அங்கே பாறையோரமாக நின்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குகிறவர்கள் மூடியைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூடியில் சின்னதாக இரண்டாவது வால்வும் உண்டு. என்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்க்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க விடுவது அதுதான். அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கும்.

மூடி நன்றாக இருந்தும் தண்ணீர் குறைந்தால் வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளையைப் பாருங்கள். பம்ப்பின் சீல் போனால் அந்தத் துளை வழியாகச் சொட்டுகிற மாதிரி வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். எம்சீல் வைத்து அதை அடைப்பது, வலியைச் சொல்ல வந்த வாயைப் பொத்துவதற்குச் சமம். பிறகு பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடிகள், ஹீட்டர் ஹோஸ், ரேடியேட்டர் ஓரங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் தண்ணீர் குறைகிறது, அல்லது ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே சூடேறுகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். காலையில் ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். ரேடியேட்டர் கழுத்தில் குமிழ் விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் வருகிறது. ஆறிய என்ஜின் ஓடத் தொடங்கியதுமே மேல் ஹோஸ் கல்போல இறுகினாலும் அதே அர்த்தம். இதை உறுதிசெய்ய நீல நிறத் திரவம் வைத்த சோதனைக் குழாய் கிடைக்கிறது. ரேடியேட்டர் காற்றை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதற்குமேல் சோதனையே வேண்டாம். இந்தக் கோளாறோடு வருகிற வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அனுப்புகிறவர், ஹெட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டிய செலவை இரண்டு மடங்காக்கி அனுப்புகிறார். இவை எல்லாம் தாண்டியும் காரணங்கள் உண்டு. இக்னிஷன் டைமிங் பின்னால் போயிருந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும், தண்ணீர் மாற்றியபோது காற்று மாட்டிக்கொண்டிருந்தாலும் என்ஜின் காயும்.

தெர்மோஸ்டாட்டின் மேலேயே சந்தேகம் வந்தால் அதையும் சோதிக்கலாம். அரைமணி நேர வேலை. கழற்றி, நூலில் கட்டி, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் அடி படாமல் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றுங்கள். கூடவே தண்ணீருக்குள் ஒரு சமையல் தெர்மாமீட்டர். 70-ல் அசையக்கூடாது. பொறித்திருக்கிற எண்ணை நெருங்கும்போது தகடு மெல்ல விலகத் தொடங்கும். அதற்குமேல் பத்து, பன்னிரண்டு டிகிரியில் முழுசாகத் திறந்துவிடும். வெளியே எடுத்து ஆறவிட்டால் இடைவெளி தெரியாமல் மூட வேண்டும். திறக்காவிட்டாலோ மூடாவிட்டாலோ புதிது போடுங்கள். போடுவதற்கு முன் புதியதையும் இதே பாத்திரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். போலிச் சரக்கு நிறைய உலவுகிறது என்பது எதிர்த்தரப்பு சொல்கிற நியாயமான புகார். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் புதுப்பேட்டையில் வாங்கினாலும் இந்தச் சோதனை அந்தப் புகாருக்குப் பதில் சொல்லிவிடும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தையும் நேராகவே எடுத்துக்கொள்கிறேன். மெழுகுத் தெர்மோஸ்டாட்டில் மெழுகு கசிந்துவிட்டால் அது மூடியபடியே நின்றுவிடும். அது என்ஜினைக் கொல்லும். அந்தக் காலத்து துருத்தி வகைத் தெர்மோஸ்டாட் ஓட்டையானால் பெரும்பாலும் திறந்து நிற்கும். அதனால் ஆபத்து குறைவு. 'வால்வு கொன்னுடும்' என்ற பயம் வெறும் கட்டுக்கதை இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்குப் பரிகாரம், சில நூறு ரூபாய் பெறுகிற ஒரு பொருளைச் சில வருடத்துக்கு ஒருமுறை, கூலன்ட் மாற்றும்போது சோதித்து மாற்றுவது. டைமிங் பெல்ட் அறுந்தாலும்தான் பல என்ஜின்கள் சாகின்றன. அதற்காக யாரும் பெல்ட் இல்லாமல் வண்டி ஓட்டச் சொல்வதில்லை. நடுவழியில் மூடிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, வண்டியை மெதுவாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வேறு. அது அவசரத்துக்குச் செய்த உதவி. அதை நிரந்தர ஏற்பாடாக்கிக்கொண்டு அடுத்த பத்து வருடம் ஓட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஃபேனை டைரக்ட் கொடுப்பதும், கூலன்ட் வேண்டாம் என்பதும் இதே நம்பிக்கையின் கிளைகள். டைரக்ட் கொடுத்த ஃபேன் ஓய்வில்லாமல் ஓடி மோட்டார் புஷ் தேய்ந்து ஒருநாள் நின்றுவிடும். எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. பழுதான ஃபேன் ஸ்விட்ச்சை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். கூலன்ட் பனிநாட்டுக்கு என்பதும் பாதி உண்மைதான். வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்ட்டைவிடக் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துருவைத் தடுக்கவும் பம்ப் சீலைக் காக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் தண்ணீருக்குத் தெரியாது. அதிலும் நாம் ஊற்றுவது வெறும் தண்ணீர்கூட இல்லை, உப்புக் கரைந்த போர் தண்ணீர். கூலன்ட்டில் கலக்கவும் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரையே வாங்குங்கள். அவசரத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் ஊர் வந்ததும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். கொதிக்கிற என்ஜினில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் விட்டதும் உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும்.

இந்தப் பழக்கத்துக்கு மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட நான் தயாராக இல்லை. காதில் ஸ்க்ரூடிரைவரை வைத்து எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற ஆட்கள் அவர்கள். கோளாறு தேடத் தெரியாமல் இதைச் செய்யவில்லை. தேடுவதற்குக் கூலி கொடுக்க நாம் தயாராக இல்லாததால் செய்கிறார்கள். "சாயங்காலம் வண்டி வேணும், ஒரு கல்யாணத்துக்குப் போகணும்" என்று நிற்கிறோம். அரை நாள் உட்கார்ந்து காரணம் தேடிவிட்டு, ஒரு மூடியை மட்டும் மாற்றிவிட்டு, தேடியதற்குப் பணம் கேட்டால், "மூடி மாத்தினதுக்கா இவ்வளவு?" என்று சண்டை போடுகிறோம். பாகத்துக்குக் காசு, தேடலுக்குக் காசு இல்லை என்று நாம் போட்ட கணக்குக்கு ஏற்றபடி அவர்கள் தொழிலை மாற்றிக்கொண்டார்கள். இந்தக் கணக்கை மாற்ற வேண்டியவர்கள் முதலில் நாம்தான். சோதனைக்கு என்று தனியாகக் கூலி பேசுங்கள். அதற்கு ஒரு நாள் அவகாசமும் கொடுங்கள்.

அடுத்த முறை யாராவது, "வால்வைக் கழட்டிடலாம்" என்றால், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, எதனால சூடேறுதுன்னு கண்டுபிடிச்சீங்க?" பதில் இருந்தால் அந்தக் கோளாறைச் சரிசெய்யச் சொல்லுங்கள், தெர்மோஸ்டாட் அதே இடத்தில் இருக்கட்டும். பதில் இல்லாவிட்டால் பானெட்டை மூடிவிட்டு, காரணம் தேடுகிற இன்னொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே கழற்றப்பட்டுவிட்ட வண்டியாக இருந்தால், இந்த வாரமே சரியான எண் பொறித்த தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிச் சோதித்துப் போடுங்கள். போட்ட பிறகு ஊசி மேலே ஏறினால் பயப்பட வேண்டாம். இத்தனை நாள் மறைந்திருந்த கோளாறு வெளியே வந்திருக்கிறது. இப்போதுதான் அதைச் சரிசெய்ய முடியும்.